எதற்கு ஓகே?

‘மேனேஜர் ஓகே பண்ணிட்டார்’, ‘லோன் ஓகே ஆயிடுச்சு’, ‘பொண்ணு வீட்டுல ஓகே சொல்லிட்டாங்க’ என்ற மூன்று வாக்கியங்களும் நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் அன்றாடம் காதில் விழுபவை. மூன்றிலும் இருப்பது ஒரே ஆங்கிலச் சொல்தான் என்றாலும், அதன் பின்னால் வரும் தமிழ் வினை பொருளை மூன்று திசைகளில் இழுத்துச் செல்கிறது. ‘பண்ணு’ சேர்ந்தால் அதிகாரம் உள்ள ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பொருள். ‘ஆகு’ சேர்ந்தால் யார் செய்தார் என்ற கேள்விக்கே இடமில்லாமல் காரியம் கைகூடிவிட்டது என்று பொருள். ‘சொல்லு’ சேர்ந்தால், மாட்டேன் என்று சொல்லும் உரிமை உள்ள ஒருவர் மனம் இசைந்திருக்கிறார் என்று பொருள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெயராகவும் வினையாகவும் பெயரடையாகவும் வினையடையாகவும் வியப்பிடைச் சொல்லாகவும் தானே மாறிக்கொள்கிறது. தமிழ் அதைப் பெயராக மட்டும் உள்ளே விட்டு, வேலையைத் தன் வினைகளிடம் ஒப்படைத்திருக்கிறது.

மென்பொருள்களின் திரைகளில் வரும் சொற்களைத் தமிழாக்குவது என் தொழில் என்பதால், இந்தச் சொல்லை நான் ஒவ்வொரு வேலைநாளிலும் சந்திக்கிறேன். அதைப் பற்றிப் படித்ததும் யோசித்ததும் சேர்ந்து எனக்குள் ஓர் உறுதியான எண்ணமாக நிலைபெற்றுவிட்டது. ‘ஓகே’ என்பது ‘நீ சொன்னது என்னிடம் வந்து சேர்ந்தது’ என்று மட்டுமே சொல்கிறது. எது வந்து சேர்ந்தது என்பதை ஒருபோதும் சொல்வதில்லை. உலகின் பெரும்பாலான மொழிகளுக்குள் இவ்வளவு எளிதாக நுழைய முடிந்ததற்கு அந்தக் குணமே காரணம் என்று நினைக்கிறேன். தவறாகப் பயன்படும் இடங்களில் அது உயிருக்கே ஆபத்தாவதற்கும் அதே குணம்தான் காரணம்.

சொல்லின் பிறப்பு வியக்கத்தக்க அளவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழின் இரண்டாம் பக்கத்தில், மணியடிப்பதை மையமாக வைத்து நையாண்டிக்காக நடத்தப்பட்ட ஒரு சங்கத்தைப் பற்றிய குறிப்பு வெளியானது. அந்த இதழின் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். அண்டை நகரமான பிராவிடன்ஸின் பத்திரிகை ஒன்றைச் சீண்டும் வகையில் எழுதப்பட்ட அந்தக் குறிப்பின் நடுவில், சிறிய எழுத்துகளில் ‘ஓ.கே.’ என்று புள்ளிகளோடு அச்சாகி, அதையொட்டியே ‘ஆல் கரெக்ட்’, அதாவது ‘எல்லாம் சரி’, என்ற விளக்கமும் தரப்பட்டிருந்தது. ஆங்கில நெடுங்கணக்கு தெரிந்தவர்களுக்கு இங்கே ஓர் உறுத்தல் தோன்றும். ‘ஆல்’ என்ற சொல் ‘ஏ’ எழுத்திலும் ‘கரெக்ட்’ என்ற சொல் ‘சி’ எழுத்திலும் தொடங்குகின்றன. முறையாகச் சுருக்கினால் ‘ஏ.சி.’ என்றுதான் வரவேண்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடியே எழுதினால் எப்படி எழுதுவாரோ அப்படி, ‘ஓ’விலும் ‘கே’யிலும் தொடங்குமாறு வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளைச் சுருக்கமாக எடுத்துக்கொண்டதில்தான் அன்றைய வேடிக்கை இருந்தது.

இதை ஒரு பத்திரிகையாளரின் தனிப்பட்ட விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1838ஆம் ஆண்டின் கோடையிலிருந்தே பாஸ்டன் நாளிதழ்களில் சொற்றொடர்களைச் சுருக்கி எழுதும் மோகம் பரவியிருந்தது. ‘ஆல் ரைட்’ என்பதைப் பிழையாக எழுதி ‘ஓ.டபிள்யூ.’ என்றும், ‘நோ யூஸ்’ என்பதைப் பிழையாக எழுதி ‘கே.ஒய்.’ என்றும் சுருக்கினார்கள். இன்றைய கைபேசிச் செய்திகளில் இளைஞர்கள் எழுதும் சுருக்கங்களைக் கண்டு மொழி அழிந்துவிட்டதாகக் கவலைப்படுபவர்கள், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் படித்த வர்க்கத்தின் நாளிதழ்களே இதைச் செய்துகொண்டிருந்தன என்பதை அறிந்துகொள்வது நல்லது. அந்தச் சுருக்கங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மறைந்துபோயின. ‘ஓ.கே.’யும் அவற்றோடு போயிருக்க வேண்டியதுதான். அரசியல்தான் அதைக் காப்பாற்றியது.

1840ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரன் இரண்டாம் முறையாகப் போட்டியிட்டார். அவர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்ற சிற்றூரில் பிறந்தவர். டச்சுக் குடும்பத்தில் டச்சு மொழி பேசி வளர்ந்தவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே அமெரிக்க அதிபர் அவர்தான். அவருடைய ஆதரவாளர்கள் ஊர்ப்பெயரைக் கொண்டு அவரைச் செல்லமாக ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயரின் முதலெழுத்துகளும் பாஸ்டனில் புழங்கிக்கொண்டிருந்த சுருக்கமும் ஒன்றாக அமைந்துவிட, நியூயார்க்கில் ‘ஓ.கே. கிளப்’ என்ற பெயரிலேயே தேர்தல் வேலை செய்யும் குழு உருவானது. எதிர்க்கட்சியினர் சும்மா இருக்கவில்லை. அவருக்கு முன்பு அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்றும், கோப்புகளில் ‘எல்லாம் சரி’ என்பதைப் பிழையாக எழுதி அவர் ஒப்பமிட்டதிலிருந்தே ‘ஓ.கே.’ பிறந்தது என்றும் ஒரு கதையைக் கட்டி ஊரெங்கும் பரப்பினார்கள். வான் பியூரன் வில்லியம் ஹென்றி ஹாரிசனிடம் தோற்றுப்போனார். ஆனால் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மாறிமாறிப் பயன்படுத்தியதில் அந்தச் சுருக்கம் நாடு முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இவற்றையெல்லாம் பழைய நாளிதழ்களைப் புரட்டிப் புரட்டி நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஆலன் வாக்கர் ரீட். 1963, 1964ஆம் ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ ஆய்விதழில் அவர் எழுதிய தொடர் கட்டுரைகளுக்குப் பிறகு, இந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றி அதற்கு முன்பு உலவிய கதைகள் பலவும் வலுவிழந்தன. சோக்டா பழங்குடியினரின் மொழியில் ‘அப்படித்தான்’ என்று பொருள்படும் ‘ஓகே’ என்ற ஒலி உண்டு என்பதால் அங்கிருந்து வந்தது என்று பலர் நம்பினார்கள். அதிபர் உட்ரோ வில்சன் அந்த நம்பிக்கையோடு சோக்டா எழுத்துக்கூட்டலிலேயே எழுதிவந்தார். ‘எல்லாம் நலம்’ என்னும் கிரேக்கத் தொடரான ‘ஓலா கலா’விலிருந்து வந்தது என்பாரும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் வோலோஃப் மொழியில் ‘ஆமாம்’ என்பதை அழுத்திச் சொல்லும் ‘வாவ் கே’ என்ற தொடர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நாவில் ஏறி அமெரிக்காவுக்கு வந்தது என்ற கருத்தையும் அறிஞர்கள் முன்வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ஆங்கிலத்துக்கு ஆப்பிரிக்கர்கள் தந்தது வரலாற்று நூல்கள் ஒப்புக்கொள்வதைவிட மிக அதிகம் என்பதால், இந்தக் கருத்தை மரியாதையோடுதான் அணுக வேண்டும். இருந்தாலும், புள்ளி வைத்து, விளக்கமும் கொடுத்து, நாள் தெரிந்த ஓர் இதழில் அச்சான சான்றுக்கு நிகரான சான்று வேறு எந்தக் கதைக்கும் இதுவரை கிடைக்கவில்லை. நான் ரீடின் பக்கம்தான் நிற்கிறேன்.

வேடிக்கையாகப் பிறந்த சொல்லைக் கருத்தான வேலைக்கு அமர்த்தியது தந்தி. கம்பியின் ஒரு முனையில் இருப்பவர் அனுப்பியது மறுமுனைக்குச் சேர்ந்ததா என்பதை அறிய ஒரு குறி தேவைப்பட்டது. இரண்டே எழுத்துகளில் அடங்கும் ‘ஓகே’ அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தந்தி நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் அது நாள்தோறும் புழங்கத் தொடங்கியது. இந்தக் கட்டத்தில்தான் அதன் பொருள் மெல்ல நகர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1839இல் அது ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று உலகின் நிலையைப் பற்றிச் சொன்னது. தந்திக்காரரின் கையில் அது ‘வந்து சேர்ந்தது’ என்று செய்தியின் நிலையைப் பற்றி மட்டும் சொன்னது. வந்து சேர்ந்த செய்தி நல்லதா கெட்டதா, உண்மையா பொய்யா என்பதைப் பற்றித் தந்திக்காரருக்குக் கருத்தில்லை. நாம் இன்று ஒரு நாளில் சொல்லும் ‘ஓகே’க்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததுதான்.

‘படம் எப்படி?’ என்று கேட்டால் ‘ஓகே’ என்று பதில் வருகிறது. அது பாராட்டா என்றால் இல்லை; ‘பரவாயில்லை’ என்பதற்கு மிக அருகில், சற்றே கீழே நிற்கிறது. ‘ஹோட்டல் சாப்பாடு ஓகேதான்’ என்று ஒருவர் சொன்னால் அடுத்த முறை வேறு இடம் பார்க்கலாம் என்று புரிந்துகொள்கிறோம். ஆனால் வண்டியிலிருந்து சறுக்கி விழுந்தவரிடம் ஓடிப்போய் ‘ஓகேவா?’ என்று கேட்டு அவர் ‘ஓகே’ என்று தலையசைத்தால், அது முழுமையான நிம்மதியைத் தருகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் அரைகுறையையும் இன்னோரிடத்தில் முழுமையையும் குறிக்க முடிவது, அது தன்னளவில் எந்த மதிப்பையும் சுமக்காமல் இருப்பதால்தான். கேள்வி எந்த அளவுகோலை வைக்கிறதோ அந்த அளவுகோலில் ‘போதுமானது’ என்ற கோட்டைத் தொட்டுவிட்டதாக மட்டும் அது அறிவிக்கிறது. விழுந்தவருக்கு அந்தக் கோடு எலும்பு முறியாமல் இருப்பது. திரைப்படத்துக்கு அந்தக் கோடு இடைவேளையில் எழுந்து போகாமல் இருப்பது.

தொலைபேசி உரையாடல்களில் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உரையாடலை முடிப்பது எவ்வளவு நுட்பமான கூட்டுவேலை என்பதைக் காட்டினார்கள். யாரும் சட்டென்று தொலைபேசியை வைத்துவிடுவதில்லை. ஒருவர் இழுத்தாற்போல் ‘ஓகே’ என்கிறார். அதன் பொருள் ‘எனக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை, உனக்கு இருந்தால் இப்போது சொல்’ என்பது. மற்றவரும் ‘ஓகே’ என்கிறார். இருவரும் இப்படித் தத்தம் முறையை விட்டுக்கொடுத்த பிறகுதான் விடைபெறுதல் நடக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘சரி… அப்புறம்?’ என்றும், ‘நல்லது, வேறென்ன?’ என்றும் செய்துவந்த அதே வேலை இது. இன்று ‘சரி, ஓகே, அப்ப வெச்சிடட்டுமா?’ என்று மூன்றையும் அடுக்கிச் சொல்பவர்களைப் பார்க்கிறேன். இதை மொழிக்கலப்பு என்று குறைசொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. எதிரில் இருப்பவரின் மனம் நோகாமல் பேச்சை முடிக்க வேண்டும் என்ற அக்கறைதான் அந்த அடுக்கில் எனக்குத் தெரிகிறது.

இனி, இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று என்னைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் ஒன்றான டெனரீஃபில், லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. அருகிலுள்ள கிரான் கனேரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. இணைப்புப் பாதையில் விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்ததால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதையின் மீதே ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அடர்ந்த மூடுபனி இறங்கியது. நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானம் ஓடுபாதையின் ஒரு முனைக்குச் சென்று திரும்பி நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் (பான் அமெரிக்கன்) நிறுவன விமானம் அதே ஓடுபாதையில் அதை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கும் இரண்டுமே தெரியவில்லை. மூன்று தரப்பையும் இணைத்தது வானொலிக் குரல் மட்டுமே.

மேலெழுந்த பிறகு எந்த வழியில் செல்ல வேண்டும் என்ற அனுமதியைக் கோபுரம் கே.எல்.எம். விமானத்துக்குக் கொடுத்தது. அது புறப்படுவதற்கான அனுமதி அல்ல. துணை விமானி அந்த வழித்தட விவரங்களைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலத் தொடரைச் சேர்த்தார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் அதைப் புரிந்துகொள்ளலாம். புறப்பட்டுவிட்டோம் என்றும் புரிந்துகொள்ளலாம். கோபுரத்திலிருந்து வந்த பதிலின் முதல் சொல் ‘ஓகே’. அதன்பின் ஏறக்குறைய இரண்டு நொடி மௌனம். பிறகு, ‘புறப்படக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்று கட்டுப்பாட்டாளர் தொடர்ந்தார். ஆனால் அந்த மௌனத்தின்போது பான் ஆம் விமானிகள் பதறிப்போய், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் சென்றுகொண்டிருப்பதாகச் சொல்ல வானொலியை அழுத்தினார்கள். ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் ஒரே சமயத்தில் எழுந்ததால், கே.எல்.எம். விமானிகளின் அறையில் இரண்டுமே கீச்சென்ற ஒலியில் அமுங்கிப்போயின. தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும்தான். விமானம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. 583 பேர் இறந்தார்கள்.

அந்த விபத்துக்கு ஒரு சொல்லை மட்டும் காரணமாகக் காட்டுவது நேர்மையாகாது. மூடுபனி, நெரிசல், பணிநேர வரம்பு முடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம், அனுபவம் மிக்க தலைமை விமானியைக் கேள்வி கேட்கத் தயங்கிய சூழல் என்று பல இழைகள் அதில் பின்னிக் கிடந்தன. ஆனால் அடுத்த சில நொடிகளில் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவிக்குமாறு கோபுரம் பான் ஆமிடம் சொன்னது. அதற்கு அவர்கள், ‘ஓகே, விலகியதும் தெரிவிக்கிறோம்’ என்றார்கள். இதிலும் ‘ஓகே’ இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் எதற்கு ஓகே என்பதும் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர், ‘அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா?’ என்று கேட்டார். அவருக்கு முன்னால் அமர்ந்திருந்த விமானிகள், அது விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதிலளித்தார்கள். ஆபத்தை ஒருவருக்கு உணர்த்தியது அந்த முழு வாக்கியம்தான். தனித்து நின்ற ‘ஓகே’ யாரையும் எச்சரிக்கவில்லை.

அதன் பிறகு உலகெங்கும் வான்போக்குவரத்துப் பேச்சுமுறை இறுக்கமாக்கப்பட்டது. புறப்பட அனுமதி கொடுக்கும்போதோ, அந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டுமே ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதியானது. மற்ற நேரங்களில் வேறு சொல். முக்கியமான அனுமதிகளுக்கு ‘ஓகே’ என்றோ, செய்தி கிடைத்தது என்று பொருள்படும் ‘ராஜர்’ என்றோ சொல்வது போதாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது. இதை நான் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்த என் சித்தப்பா. ரயில் வருகிறது, கேட்டை மூடு என்று அவர் தொலைபேசியில் சொன்னால், கேட்டில் இருப்பவர் ‘சரிங்க சார்’ என்று சொல்லி முடித்துவிட முடியாது. கேட்டை மூடிய பிறகு, தன்னிடமுள்ள தாளில் வரிசைப்படி வரும் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ‘பிரைவேட் நம்பர்’ என்று அதற்குப் பெயர். சித்தப்பா அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாத அந்த எண்தான் சொன்னது கேட்டது, கேட்டது நடந்தது என்பதற்கெல்லாம் சாட்சி. ‘சரின்னு சொல்றது வாய், நம்பர் சொல்றது கை’ என்பார் அவர்.

கடலுக்கடியில் நீந்தும் முக்குளிப்பாளர்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, மற்ற மூன்று விரல்களை நீட்டினால் அது ‘ஓகே’. தரையில் நாம் ‘ஓகே’ என்பதற்குக் காட்டும் உயர்த்திய கட்டைவிரலுக்கு நீருக்கடியில் ‘மேலே ஏறுவோம்’ என்று பொருள். அதை மாற்றிக் காட்டினால் முக்குளிப்பே முடிந்துவிடும். விரல்வளையம் அவர்களுக்குக் கேள்வியும் பதிலும் ஆகும். ஒருவர் காட்டினால் மற்றவர் கட்டாயம் திருப்பிக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்றாக, ‘உனக்கு எதுவும் ஆகவில்லையே?’ என்று முன்கூட்டியே நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், அங்கே ‘ஓகே’ என்ற பதிலில் மயக்கத்துக்கு இடமில்லை.

நம் மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளில் இப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் இல்லாததை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. என் பெரியம்மாவைச் சர்க்கரை நோய்க்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மருத்துவர் நல்லவர், பொறுமையாகத்தான் பேசினார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எது இரவுக்கு மட்டும், பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘ஓகேவாம்மா?’ என்றார். ‘ஓகே டாக்டர்’ என்றார் பெரியம்மா. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து மருந்துப் பையைப் பிரித்து, ‘ராத்திரிக்கு எது பெரியம்மா?’ என்று கேட்டேன். நிறுத்தச் சொன்ன பழைய மாத்திரையை எடுத்துக் காட்டினார். ‘அப்போ டாக்டர்கிட்ட ஏன் ஓகேன்னீங்க?’ என்றதற்கு அவர் சொன்ன பதில் இது: ‘அவரு எவ்வளவு நேரம் பேசுனாரு பாவம், வெளியில அத்தனை பேரு நிக்கிறாங்க, புரியலைன்னு எப்படிச் சொல்றது?’

பெரியம்மாவின் அந்த ‘ஓகே’ பொய் அல்ல. மருத்துவரின் உழைப்பை மதிக்கிறேன், உங்கள் நேரத்தை இதற்கு மேல் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை என்பதை அவர் தெரிவித்தார். மருத்துவரோ அதை, பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்பதற்கான உறுதியாக எடுத்துக்கொண்டார். வயதானவர்களும், அதிகம் படிக்காதவர்களும், அதிகாரத்தின் முன் நிற்பவர்களும் சொல்லும் ‘ஓகே’யில் இந்த மரியாதையின் பங்கு மிக அதிகம். பின்பு வேறோர் இடத்தில் ஒரு செவிலியர், ‘எனக்குச் சரியாச் சொல்ல வந்துச்சான்னு பாக்கணும்மா, வீட்டுக்குப் போய் எதை எப்போ போடுவீங்கன்னு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க’ என்று அவரிடம் கேட்டார். சோதிக்கப்படுவது நோயாளி அல்ல, சொன்னவரின் விளக்கம்தான் என்று அந்தக் கேள்வியிலேயே அமைந்திருந்தது. பெரியம்மா தயக்கமில்லாமல் சொல்லிக் காட்டினார். ஓரிடத்தில் தடுமாறியபோது செவிலியர் திருத்தினார். மருத்துவக் கல்வியில் இப்படித் திருப்பிச் சொல்ல வைப்பதைத் தனி முறையாகவே கற்பிக்கிறார்கள். அதற்குப் பிடிக்கும் சில நிமிடங்களைச் செலவு என்று எண்ணாத மருத்துவமனைகள் பெருக வேண்டும் என்பது என் மனப்பூர்வமான வேண்டுகோள்.

பதிலே சொல்லாமல் பதில் சொல்வது நமக்குப் புதிதன்று. காமராசர் தம்மிடம் வந்த கோரிக்கைகளுக்கெல்லாம் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்று சொல்வதற்குப் பேர்போனவர். கேட்டவருக்கு ஆறுதலும், சொன்னவருக்கு யோசிக்க அவகாசமும் அந்த இரண்டு சொற்களில் கிடைத்தன. கதை கேட்பவர் ‘உம்’ கொட்டுவதும் இந்த இனம்தான். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தவிர அதில் வேறு உறுதி எதுவும் இல்லை. ‘ஓகே’ தமிழுக்குள் வந்தபோது காலி இருக்கை எதுவும் இருக்கவில்லை. ‘சரி’, ‘ஆகட்டும்’, ‘உம்’, ‘நல்லது’, ‘பரவாயில்லை’ என்று பல சொற்கள் பங்கிட்டுச் செய்துகொண்டிருந்த வேலைகளைத்தான் அது ஒன்றாகத் திரட்டி எடுத்துக்கொண்டது. அப்படித் திரட்டியதில் ஓர் இழப்பும் இருக்கிறது. ‘சரி’ என்பவருக்கும் ‘ஆகட்டும்’ என்பவருக்கும் இடையில் முன்பு நமக்குக் கேட்டுக்கொண்டிருந்த வேறுபாடு, இருவரும் ‘ஓகே’ என்கிறபோது குரலின் ஏற்ற இறக்கத்தில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கைபேசிச் செய்தியில் அந்தக் குரலும் இல்லை. அதனால்தான் மனைவியிடமிருந்து ‘ஓகே’ என்று மட்டும் செய்தி வந்தால் கணவன் கோபமா என்று கேட்கிறான். ‘ஓகேங்க’ என்று வந்தால் நிம்மதியாக வேலையைப் பார்க்கிறான்.

கடைசியாக, என் தொழிலுக்கு வருகிறேன். கணினித் திரையில் ‘ஓகே’ பொத்தான் வந்த விதம் பற்றி ஒரு செய்தி உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் ‘லிசா’ கணினியை உருவாக்கியபோது, அந்தப் பொத்தானில் ‘செய்’ என்று பொருள்படும் ‘டூ இட்’ என்ற சொற்களையே முதலில் இட்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் எரிச்சலடைந்தார். இரு சொற்களுக்கும் இடையில் போதிய இடைவெளி இல்லாததாலும், இரண்டாம் சொல்லின் முதலெழுத்து ‘எல்’ போலத் தெரிந்ததாலும், ‘மடையன்’ என்று பொருள்படும் ‘டோல்ட்’ என்று அதை அவர் படித்திருந்தார். கணினி ஏன் என்னை மடையன் என்கிறது என்று கேட்டாராம். அதன்பின் ‘ஓகே’ அந்த இடத்துக்கு வந்தது, நிலைத்தும் விட்டது. இணையத்தின் அடித்தளத்திலும் அது இருக்கிறது: ஒரு பக்கத்தை நாம் கேட்டு அது ஒழுங்காகக் கிடைத்தால், வழங்கி (சர்வர்) நம் உலாவிக்கு (பிரவுசருக்கு) அனுப்பும் குறியீடு ‘200 ஓகே’. அங்கேயும் தந்திக்காலத்துப் பொருள்தான்: நீ கேட்டது கிடைத்தது, நான் கொடுத்தது இது. பக்கத்தில் எழுதியிருப்பது உண்மையா என்பது அதன் கவலை அல்ல.

தமிழ் மென்பொருள்களில் இந்தப் பொத்தானுக்கு ‘சரி’ என்றே பெரும்பாலும் இடுகிறோம். நல்ல சொல்தான், சிறியது, எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ‘இந்தக் கோப்பு நிரந்தரமாக அழிக்கப்படும்’ என்று ஒரு பெட்டி திறந்து, கீழே ‘சரி’, ‘ரத்து செய்’ என்று இரண்டு பொத்தான்கள் நின்றால், பெரும்பாலான கைகள் படிக்காமலே ‘சரி’யை அழுத்திவிடுகின்றன. இடைமுக வடிவமைப்பு பற்றிய இன்றைய வழிகாட்டிகள் பலவும், இயன்ற இடங்களில் ‘ஓகே’யைத் தவிர்த்து நடக்கப்போவதை வினையாகவே எழுதச் சொல்கின்றன. மூல ஆங்கிலத்தில் ‘ஓகே’ என்று இருந்தாலும், அழிக்கும் பெட்டியில் ‘அழி’ என்றும், பணம் அனுப்பும் பெட்டியில் ‘பணம் அனுப்பு’ என்றும் எழுத அனுமதி கேட்டு வாடிக்கையாளர்களுக்கு நான் எழுதுவதுண்டு. சிலர் மூலத்தை மாற்றக் கூடாது என்று மறுத்துவிடுகிறார்கள். சிலர் ஏற்றுக்கொண்டு ஆங்கிலப் பொத்தானையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு வங்கிச் செயலியின் பணிக்கு அப்படி எழுதியபோது, ‘தொகையையும் பொத்தானிலேயே காட்டலாமா?’ என்று அவர்களே திருப்பிக் கேட்டார்கள். இப்போது அந்தப் பொத்தானில் ‘₹5,000 அனுப்பு’ என்று இருக்கிறது.